மென்ஷியஸும் மக்களியல்பும்

மனிதன் இயல்பிலே நல்லவனா, தீயவனா என்னும் வினா மிகப் பழையது. குழந்தையை வளர்க்கும் தாயும், பிரம்பைக் கையிலெடுக்கும் ஆசிரியரும், சட்டம் வகுக்கும் அரசரும், அறிந்தோ அறியாமலோ, இவ்வினாவுக்கு ஒரு விடையை மனத்திற்கொண்டே தத்தம் கருமங்களைச் செய்கின்றனர். மனிதன் தீயவன் என்று எண்ணுவோர் வேலி கட்டுவர். நல்லவன் என்று எண்ணுவோர் நீர் பாய்ச்சுவர். ஏறக்குறைய 2,300 ஆண்டுகட்கு முன், சீன தேசம் ஓயாப் போரினால் நொந்துகிடந்த காலத்தில், மக்களியல்பு நன்றே என்று துணிந்து கூறி, அதனையே அரசவைகளில் எடுத்துரைத்து, பேரரசர் ஒருவராலும் ஏற்றுக்கொள்ளப்படாமல் ஊர் திரும்பிய ஒரு பெரியாரின் சரிதத்தை ஈண்டுச் சுருக்கமாக வரையப் புகுகின்றோம். அவர் கூற்றின் உண்மைப் பொருள் யாது என்பது பற்றி இன்றளவும் அறிஞர் வாதிட்டு வருகின்றனராதலின், அவ்வாதத்தையும் இறுதியிற் சிறிது ஆராய்வோம்.

அவரது இயற்பெயர் மெங் கோ. சீனர் அவரை மெங் த்ஸு, அதாவது மெங் ஆசிரியர், என்று போற்றி அழைப்பர். அப்பெயரையே ஐரோப்பியப் பாதிரிமார் இலத்தீன் மொழிக்கேற்ப மென்ஷியஸ் என்று ஆக்கினர். வழிவழியாக வரும் கணக்கின்படி அவர் கி. மு. 372-இல் பிறந்து 289-இல் மறைந்தார். பிறந்த இடம் த்ஸோ என்னும் சிறு நாடு. அது கன்பூஷியஸ் பிறந்த லூ நாட்டை அடுத்தது. இரண்டும் இக்காலத்து ஷான்டுங் மாகாணத்தைச் சார்ந்தவை. கன்பூஷியஸ் கி. மு. 479-இல் மறைந்து ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட பின்னரே மென்ஷியஸ் தோன்றினார். கன்பூஷியஸின் பேரரான த்ஸு-ஸு என்பாரின் மாணாக்கர் ஒருவரிடம் அவர் பாடம் கேட்டார் என்று பண்டைச் சரித்திராசிரியர் ஸுமா சியென் எழுதியுள்ளார்.

இளமையிலேயே தந்தையை இழந்த அவரைத் தாயே வளர்த்தார் என்பர். அவ்வம்மையாரைப் பற்றிச் சீன தேசத்தில் வழங்கும் கதைகள் பல. முதலில் அவர்கள் குடியிருந்த வீடு இடுகாட்டின் அருகில் இருந்தது. பிணம் புதைப்போர் செய்யும் சடங்குகளைச் சிறுவன் விளையாட்டாகச் செய்து காட்டலானான். இது தம் மகன் வளரத்தக்க இடமன்று என்று கண்ட தாய் கடைத்தெருவின் பக்கம் குடிபெயர்ந்தார். அங்கே சிறுவன் விலை கூறவும் பேரம் பேசவும் பழகினான். மூன்றாவதாக ஒரு பள்ளியின் பக்கத்தில் வீடு கொண்டார். அங்கே சிறுவன் வழிபாட்டு முறைகளையும் பெரியோரை வணங்கும் முறையையும் நடித்து விளையாடினான். தாயும் அவ்விடத்திலேயே தங்கினார். பின்னொருநாள் மகன் படிப்பிற் சோர்வுற்று வீடு திரும்பியபொழுது, தாம் நெய்துகொண்டிருந்த துணியைக் கத்தியால் அறுத்துக் காட்டினாராம். இடையில் விட்ட கல்வி இடையில் அறுத்த துணி போல்வது என்பது கருத்து. இவை லியு ஷியாங் என்பார் கி. மு. முதல் நூற்றாண்டில் தொகுத்த மகளிர் சரித நூலிற் காணப்படுவன. மென்ஷியஸ் பிற்காலத்திற் போதித்த கொள்கையின் வித்து இக்கதைகளில் அடங்கியுள்ளது. அத்தாய் மகனிடத்துக் குற்றம் காணவில்லை, இடத்தையே மாற்றினார்.

அவர் வாழ்ந்த காலத்தைச் சரித்திரக்காரர் போரிடும் நாடுகளின் காலம் என்பர். பழைய சௌ வமிசத்துச் சக்கரவர்த்தி பெயரளவில் மட்டும் ஆண்டிருக்க, ஏழு பெரு நாடுகள் ஒன்றையொன்று விழுங்க முயன்றன. அரசர்கள் நாடினது படை பெருக்கும் உபாயத்தையே. கடுந்தண்டனையும் கைம்மாறுமே மக்களை ஆளும் கருவிகள் என்று கூறியவர்க்கு அவைகளில் நல்வரவு கிடைத்தது. இத்தகைய நாளில் மென்ஷியஸ் பல வண்டிகளும் மாணாக்கர் கூட்டமும் பின்தொடர நாடு நாடாகச் சென்று, நல்லாட்சி ஒன்றே உலகை வெல்லும் என்று உரைத்து வந்தார்.

கி. மு. 320-ஐ ஒட்டி அவர் லியாங் நாட்டு அரசராகிய ஹுய் என்பாரைக் கண்டார். அவ்வரசர் முதியவர், கிழக்கே த்ஸீ நாட்டாரிடம் தோற்று மூத்த மகனைப் பறிகொடுத்தவர், மேற்கே சின் நாட்டாரிடம் நிலம் இழந்தவர். தொலைவிலிருந்து வந்த இவ்வறிஞரால் தம் நாட்டுக்கு என்ன இலாபம் விளையுமென்று அவர் முதலிலேயே கேட்டார். மென்ஷியஸ் இலாபத்தைப் பற்றிப் பேச மறுத்தார். அரசன் தன் நாட்டுக்கு இலாபம் தேடின், அமைச்சர் தம் குடிக்கு இலாபம் தேடுவர். குடிகள் தம் உடலுக்குத் தேடுவர். ஒருவர்க்கொருவர் பறித்துக்கொள்வதே முடிவாகும் என்பது அவர் விடை. அடுத்த ஆண்டு அவ்வரசர் இறந்தார். பட்டத்துக்கு வந்த மகனிடத்தில் அரசத் தன்மை ஒன்றும் காணாமையால் மென்ஷியஸ் அந்நாட்டை விட்டு நீங்கினார்.

பின்னர் த்ஸீ நாட்டில் ஷுவான் அரசரிடம் அவர் மதிப்புக்குரிய பதவியில் அமர்ந்தார். ஒருநாள் அவ்வரசர் மண்டபத்தில் வீற்றிருக்கையில், புதிதாக வார்த்த மணியை இரத்தம் பூசிப் புனிதமாக்கும் பொருட்டு ஓர் எருதைக் கொண்டு போயினர். குற்றமற்ற அவ்வுயிர் நடுங்குவதைக் காணப் பொறாத அரசர், அதை விடுத்து ஓர் ஆட்டைக் கொள்ளுமாறு கட்டளையிட்டார். எருதின் விலைக்கு அஞ்சினார் என்று குடிகள் ஏளனம் செய்தனர். மென்ஷியஸோ அச்செயலில் அரசரது நல்லியல்பையே கண்டார். எருதைக் கண்ணாற் கண்டார், ஆட்டைக் காணவில்லை, ஆகவே இரக்கம் எருதின்மேற் சென்றது. விலங்குக்கு இரங்கும் உள்ளம் குடிகள்பால் ஏன் செல்லவில்லை என்பதே அவர் எழுப்பிய கேள்வி. மலையைச் சுமந்து கடலைத் தாண்டுவது ஒருவனால் இயலாத காரியம்; முதியவர்க்கு ஒரு சிறு பணி செய்ய மறுப்பதோ இயலாமையன்று, செய்யாமை. அரசர் நல்லாட்சி செய்யாதது இரண்டாம் வகையைச் சார்ந்தது என்று அவர் முகத்தின் முன்னே கூறினார். மக்களியல்பு நன்று என்னும் கொள்கை அரசரைப் புகழ எழுந்ததன்று. அவர் போக்குச் சொல்ல இடமின்றிச் செய்தது.

அக்கொள்கையை அவர் நிறுவிய முறை எளியது. நடக்கக் கற்ற சிறு குழந்தையொன்று கிணற்றில் விழப்போவதைத் திடீரென்று காணும் எவனும் நெஞ்சம் துணுக்குறுவான். பெற்றோரின் நட்பை நாடியோ, ஊராரின் புகழை விரும்பியோ, கெட்ட பெயருக்கு அஞ்சியோ எழுவதன்று அத்துடிப்பு. எண்ணுதற்கு முன்னே எழுவது. இதனை இரக்கத்தின் முளை என்றார். இதனோடு நாணம், பணிவு, நன்று தீது அறியும் உணர்ச்சி என மற்றும் மூன்று முளைகள் யாவரிடத்தும் உள்ளன என்றும், இந்நான்கும் முறையே வளர்ந்து அருள், நேர்மை, ஆசாரம், அறிவு என்னும் அறங்களாகும் என்றும், கையுங் காலும் போல இவை மனிதனுக்கு உடன்பிறந்தவை என்றும் போதித்தார். முளை என்னும் சொல்லை நாம் ஊன்றி நோக்க வேண்டும். முளை மரமன்று, காப்பாரற்றால் கருகும்.

காவோ என்னும் அறிஞர் இதனை மறுத்தார். இயல்பு சுழன்றோடும் நீர் போன்றது. கிழக்கே வழி திறந்தால் கிழக்கேயும், மேற்கே திறந்தால் மேற்கேயும் ஓடும். அதற்கு நன்றென்றும் தீதென்றும் இல்லை என்பது அவர் வாதம். நீருக்குக் கிழக்கு மேற்கு இல்லையாயினும், மேல் கீழ் என்பது இல்லையோ என்று மென்ஷியஸ் வினாவினார். அடித்தால் நீர் நெற்றிக்கு மேலே தெறிக்கும். தடுத்துத் திருப்பினால் மலைமீதும் ஏறும். எனினும் அது நீரின் இயல்பாகாது, வலிந்து செய்ததன் விளைவாம். மனிதன் தீமை புரிவதும் அவ்வாறே என்றார்.

தீயோர் எங்கிருந்து வந்தனர் என்பார்க்கு த்ஸீ நாட்டுத் தலைநகரின் புறத்தேயிருந்த எருது மலையைக் காட்டினார். ஒருகாலத்தில் மரங்கள் அடர்ந்திருந்த அம்மலையை நாள்தோறும் கோடரிகள் மொட்டையாக்கின. இரவின் ஓய்விலும் மழையின் ஈரத்திலும் துளிர்த்த தளிர்களை ஆடுமாடுகள் மேய்ந்தன. மொட்டையான மலையைக் காண்பவன் அங்கு மரமே இருந்ததில்லை என்று நினைப்பான். கொடியவனைக் கண்டு அவனிடம் நல்லியல்பே இல்லை என்பாரும் அத்தகையோரே. மற்றோரிடத்தில், நல்ல விளைச்சலுள்ள ஆண்டில் இளைஞர் ஒருவகையாகவும் பஞ்ச காலத்தில் வேறுவகையாகவும் நடப்பது வித்தின் வேற்றுமையாலன்று, நிலமும் மழையும் உழைப்பும் வேறுபடுவதாலேயே என்றும் விளக்கினார்.

ஆதலின் அவருடைய அறநூல் பொருள்நூலாகவும் ஆயிற்று. நிலையான பிழைப்பில்லாத குடிகளிடம் நிலையான மனத்தை எதிர்பார்த்தல் தகாது; பசியால் குற்றத்துள் விழச்செய்து, பின் தண்டிப்பது குடிகளை வலைவைத்துப் பிடிப்பதாகும் என்று அவர் கண்டித்தார். தெங் என்னும் சிறு நாட்டின் வென் கோமகன் இளவரசராயிருந்த காலத்திலேயே மென்ஷியஸிடம் மக்களியல்பின் நன்மையைப் பற்றிக் கேட்டவர். ஆட்சிக்கு வந்தபின் அவர் ஆலோசனை கேட்க, நிலத்தை ஒன்பது பகுதியாக்கி, எட்டுக் குடும்பங்கள் எட்டையும் தமக்கெனப் பயிரிட்டு, நடுவிலுள்ள ஒன்றைப் பொதுவில் உழுது அரசுக்குரியதாக்கும் பழைய முறையை மென்ஷியஸ் எடுத்துரைத்தார்.

அவர் வாழ்விலும் ஒரு பெருஞ்சோதனை நேர்ந்தது. வடக்கே யென் நாட்டு அரசர் தம் முடியை அமைச்சரிடம் ஒப்படைத்தமையால் அங்கே பெருங்குழப்பம் விளைந்தது. த்ஸீ நாட்டு அமைச்சர் ஒருவர், யென் நாட்டைத் தாக்கலாமோ என்று தனிப்பட வினவ, தாக்கலாம் என்று மென்ஷியஸ் விடையிறுத்தார். கி. மு. 314-ஐ ஒட்டி த்ஸீ படை யென் நாட்டிற் புகுந்து ஐம்பது நாளில் அதை வென்றது. குடிகள் முதலில் வரவேற்றனர். பின்னர்க் கொலையும் கொள்ளையும் சிறையும் கண்டு வெறுத்தனர். படையெடுக்கத் தூண்டியவர் மென்ஷியஸ்தாமோ என்று கேட்கப்பட்டபொழுது, குற்றவாளியைத் தண்டிக்கலாமா என்று கேட்டால் தண்டிக்கலாம் என்போம். யார் தண்டிப்பது என்று கேட்டிருந்தால் அதற்குரிய நீதிபதியே என்றிருப்போம் என்னும் கருத்துப்பட விடை தந்தார். அவ்விடை போதுமோ என்று படிப்போர் பலர் ஐயுற்றதுண்டு. ஆயினும், சிறைப்பட்டோரை விடுத்து, கவர்ந்த பொருளைத் திருப்பி, யென் மக்களைக் கலந்து ஓர் அரசரை அமர்த்திவிட்டுப் படையை மீட்குமாறு அவர் ஷுவான் அரசரை வற்புறுத்தியது உண்மை. அரசர் கேட்கவில்லை. யென் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். மென்ஷியஸின் முன் நிற்கவே தமக்கு நாணமாயிருக்கின்றது என்று அரசர் பின்னர் வருந்தினார்.

அந்நாணமும் ஒரு முளையே. ஆனால் அது வளரவில்லை. மென்ஷியஸ் பதவியைத் துறந்தார். தலைநகரில் மாளிகையும் மாணாக்கரைப் பேணப் பெருந்தானியமும் தருவதாக அரசர் தெரிவிக்க, அவற்றை ஏற்க மறுத்தார். ஆயினும் எல்லையை உடனே கடந்துவிடவில்லை. வழியிலுள்ள சௌ என்னும் ஊரில் மூன்றிரவு தங்கினார். இத்தாமதத்தை ஒருவர் பழித்தார். மூன்றிரவும் தமக்கு விரைவாகவே தோன்றியது என்றும், அரசர் மனம் மாறித் தம்மை அழைப்பாரோ என்று எதிர்பார்த்ததாகவும், அவ்வரசர் இன்னும் நன்மை செய்ய வல்லவரே என்றும் மென்ஷியஸ் தெரிவித்தார். அழைப்பு வரவில்லை. தம் சொல்லைப் புறக்கணித்தவனிடத்தும் நல்லியல்பு உண்டென்று நம்பிக் காத்திருந்த அம்மூன்றிரவுகளே அவர் கொள்கைக்கு அவர் வாழ்க்கை எழுதிய உரை என்று நாம் கருதுகின்றோம்.

இறுதியில் அவர் ஊர் திரும்பி, வான் சாங் முதலிய மாணாக்கருடன் ஏழு இயல்களாலான நூலைத் தொகுத்தார் என்பர். அவர் மறைந்தபின், அதே நூற்றாண்டில் வாழ்ந்த ஷுன் த்ஸு என்னும் பேரறிஞர், தாமும் கன்பூஷியஸைப் பின்பற்றுபவரேயாயினும், மனித இயல்பு தீயது, நன்மை முயற்சியால் ஆக்கப்படுவது என்று நேர்மாறாக எழுதினார். பன்னூறாண்டுகள் கழித்து ஜு ஷி (1130–1200) என்பார் மென்ஷியஸின் நூலை நான்கு மூல நூல்களுள் ஒன்றாக வைத்து உரை கண்டார். 1313-இல் பிறந்த அரசாணையால் அந்நான்கும் உத்தியோகப் பரீட்சைக்குப் பாடமாயின. 1905-இல் அப்பரீட்சை ஒழிக்கப்படுமளவும் சீன மாணாக்கர் அந்நூலை மனப்பாடம் செய்தனர். ஆயினும் அரசர்கள் அவரைக் கண்டு அஞ்சாமலில்லை. அரசினும் குடிகளே பெரியர் என்று கூறிய நூலாதலின், மிங் வமிசத்தை நிறுவிய ஹுங்வு சக்கரவர்த்தி 1394-இல் அதிலிருந்து 85 பகுதிகளை நீக்கச் செய்தார்.

இனி, அவர் கூற்றின் பொருளைப் பற்றிய வாதத்துக்கு வருவோம். ஜு ஷியின் கருத்துப்படி, இயல்பு என்பது விண்ணின் தூய ஒழுங்கே. கலங்கிய நீரிற் கிடக்கும் முத்துப்போல அது உடற்கூற்றின் மாசினால் மறைந்திருக்கின்றது. இதனை வன்மையாக மறுத்தவர் டை ஜென் (1724–1777). தம் இறுதிக் காலத்தில் மென்ஷியஸ் நூலின் சொற்பொருளை ஆராய்ந்து ஒரு நூல் எழுதிய அவர், பசியும் ஆசையும் அன்பும் இயல்பின் பகுதிகளே என்றார். ஒழுங்கு என்பது ஆசையை அழிப்பதன்று. என் பசியைக்கொண்டு பிறர் பசியை அறிவதே என்பது அவர் துணிபு. ஒழுங்கின் பெயரால் மேலோர் கீழோரை நசுக்குவதை அவர் கண்டித்தது அக்காலத்தில் அரிய துணிவாகும்.

மேனாட்டாருள், லண்டன் மிஷன் சங்கத்தைச் சார்ந்த ஜேம்ஸ் லெக் 1861-இல் ஹாங்காங்கில் மென்ஷியஸ் நூலை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். மனிதனின் அமைப்பிலேயே மனச்சாட்சி ஆளும் இடம் பெற்றுள்ளது என்று போதித்த பட்லர் அத்தியட்சரோடு மென்ஷியஸை ஒப்பிட்டு அவர் வியந்தார். மனிதன் தீமையின்பாற் சாய்வதை மென்ஷியஸ் போதிய அளவு கருதவில்லை என்னும் குறையையும் கூறினார்.

இருபதாம் நூற்றாண்டில், போரும் புரட்சியும் கண்டு பெருநிலச் சீனத்தை விட்டு வெளியேறிய அறிஞர் நால்வர், 1958-ஆம் ஆண்டு பிறந்த நாளன்று ஓர் அறிக்கை வெளியிட்டனர். மௌ சுங்ஸான், டாங் சுன்யீ, ஷு பூகுவான், சாங் சுன்மாய் என்போர் அவர்கள். மனத்தையும் இயல்பையும் பற்றிய உபதேசமே சீன நாகரிகத்தின் உயிர்நிலை என்பது அதன் சாரம். நாடிழந்து, மனிதர் மனிதர்க்குச் செய்த கொடுமையைக் கண்ணாற் கண்டவர்கள் இவ்வாறு எழுதியது சிந்திக்கத்தக்கது. இவர்களுள் ஷு பூகுவான் ஒருகாலத்தில் படைத்தலைவராயிருந்தவர். அவர் 1963-இல் வெளியிட்ட நூலில், மென்ஷியஸ் இயல்பின் நன்மையை வானத்திலிருந்து வருவித்துக் கூறவில்லை. உள்ளத்தில் நேரே எழும் நன்மையைக் காட்டியே நிறுவினார் என்று விளக்கினார். மௌ சுங்ஸான் (1909–1995) ஜெர்மானிய தத்துவஞானி கான்டின் மூன்று பெருநூல்களையும் சீனத்தில் பெயர்த்தவர். அறவுள்ளத்தின் சுதந்திரத்தைக் கான்ட் ஓர் எடுகோளாக மட்டும் வைத்தார். மென்ஷியஸோ அதனைக் கிணற்றருகே துடிக்கும் நெஞ்சில் உள்பொருளாகவே கண்டார் என்பது அவர் முடிபு.

இதற்கு மாறாகத் தைவான் சர்வகலாசாலைப் பேராசிரியர் பூ பெய்ருங் வேறு பொருள் கண்டார். இயல்பு ஆதியிலேயே நன்று என்னும் வாசகம் 13-ஆம் நூற்றாண்டில் எழுந்த சிறுவர் பாடநூலால் பரவியது. மென்ஷியஸ் கூறியதோ இயல்பு நன்மையை நோக்கிச் செல்கின்றது என்பதே என்பார் அவர். கீழ்நோக்குதல் நீரின் போக்கு. அதுபோலவே முளையும் மரத்தை நோக்கியது என்பது அவர்க்குச் சான்று. முன்னையோர் நன்மையை உடைமையாகக் கண்டனர். இவர் அதனைத் திசையாகக் காண்கின்றார்.

இவற்றுள் எது மென்ஷியஸின் உள்ளத்துக்கு அணித்து என்று தீர்ப்பது எளிதன்று. எனினும், முளை, நீர், வித்து, மலை என்று அவர் எடுத்த உவமைகள் யாவும் வளர்வன, ஓடுவன, அழியக்கூடியன என்பதை நோக்குமிடத்து, நன்மை நம்மிடம் முடிந்து கிடப்பதாக எண்ணி இளைப்பாற அவர் இடந்தரவில்லை என்பது புலனாம். நன்மை வெளியிலிருந்து திணிக்கப்படுவது என்று கூறவும் அவர் இடந்தரவில்லை. பயிர் விரைவில் வளரவில்லையென்று நாற்றைப் பிடித்து இழுத்து வாடச்செய்த ஸுங் நாட்டு மூடனின் கதையையும் அவரே சொன்னார். களை பறிக்காமல் விடுவதும் தவறு. இழுத்து வளர்க்க முயல்வதும் தவறு.

கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் இதில் பெரியதொரு பாடமுண்டு. தீயவன் என்று நாம் கைவிடும் மாணாக்கன் மொட்டையடிக்கப்பட்ட மலையாக இருக்கலாம். அவனைக் குறித்து நாம் கேட்கவேண்டிய முதற்கேள்வி, அவன் எத்தகையவன் என்பதன்று. அங்கே கோடரி வீசியவர் யார், இன்று மேய்ந்துகொண்டிருப்பது யாது என்பதே. நம்மைக் குறித்துக் கேட்கவேண்டிய கேள்வி அதனினும் கடினமானது. எருதுக்கு இரங்கிய நெஞ்சம் நமக்கும் உண்டு. அவ்விரக்கத்தை அடுத்த வீட்டாரிடமும், அயல் நாட்டாரிடமும், நம்மால் துன்புற்றாரிடமும் கொண்டு செல்லாதிருப்பது நம்மால் இயலாமையாலா, நாம் செய்யாமையாலா என்பதை நாமே நமக்குள் உசாவித் தெளிவோமாக.